கூடி வாழும் கலை

மனிதன் தனித்து வாழும் இயல்பினன் அல்லன். அவன் உண்ணும் ஒரு பிடி சோற்றில் உழவன், தச்சன், கொல்லன், வண்டி ஓட்டுபவன், வணிகன் ஆகிய பலருடைய உழைப்பும் கலந்திருக்கின்றது. அவன் உடுக்கும் ஆடை, பருத்தி விளைத்தவன் கையிலிருந்து நூற்றவன் கைக்கும், நூற்றவன் கையிலிருந்து நெய்தவன் கைக்கும் மாறி வந்ததாகும். பிறர் துணையின்றி ஒரு நாளேனும் வாழ வல்லார் எவரும் இலர். எனினும், பிறரோடு கூடி வாழ வேண்டும் என்பதை அறிந்திருத்தல் வேறு. கூடி வாழக் கற்றிருத்தல் வேறு. நீந்த விரும்புவோர் எல்லாரும் நீந்த வல்லவர் ஆகார். நீரில் இறங்கி, கைகால்களை அசைத்து, ஓரிரு மடக்கு நீரும் குடித்துப் பழகிய பின்னரே நீச்சல் கைவரும். கூடி வாழ்தலும் அவ்வாறே பழகிப் பழகிப் பெறவேண்டிய ஒரு கலையாகும்.

இக்கலையைப் பயிலுதற்கு ஏற்ற பருவம் இளமையே. பள்ளியில் கணக்கும் வரலாறும் அறிவியலும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றில் ஒவ்வொரு மாணவனும் தனித்தனியே தேர்வு எழுதித் தனித்தனியே மதிப்பெண் பெறுகின்றான். ஆனால், பள்ளியை விட்டு நீங்கியபின் அவன் மேற்கொள்ளும் தொழில்களுள் பெரும்பாலானவை பலரோடு சேர்ந்து செய்வனவாகவே அமைகின்றன. அறிவில் சிறந்தவர் சிலர், பிறர் கூறுவதைக் கேட்கும் பொறுமை இன்மையாலும், இனிது பேசும் பழக்கம் இன்மையாலும், எடுத்த செயலை முடிக்க இயலாது தளர்வதை உலகிற் காணலாம். ஆகவே, சிறுவர் பலர் ஒன்றுகூடி, ஒரு செயலை ஒற்றுமையாகச் செய்து பழகுதற்கு ஒரு களம் வேண்டும். அத்தகைய களங்களுள் ஒன்று சாரணர் இயக்கம். அதன் வரலாறு அறியத்தக்கது.

பேடன் பவல் என்பவர் ஆங்கிலப் படைத்தலைவர்களுள் ஒருவர். 1899-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த போரில், மாபெக்கிங் என்னும் ஊர் பகைவரால் முற்றுகையிடப்பட்டது. 217 நாள் நீடித்த அம்முற்றுகையில் அவ்வூரைக் காத்துநின்றவர் அவரே. அந்நாளில் அவ்வூர்ச் சிறுவர் செய்தி கொண்டு செல்லுதல் முதலிய பணிகளை ஊக்கத்தோடு செய்தனர். பொறுப்பு ஒன்றை நம்பி ஒப்படைத்தால் சிறுவரும் அதனைத் திறம்படத் தாங்குவர் என்னும் உண்மை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. போர் முடிந்து நாடு திரும்பியபின், அவ்வுண்மையை அமைதிக் காலத்திலும் ஆய்ந்து பார்க்க அவர் விரும்பினார்.

இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்தின் உள்ளே பிரௌன்சி என்னும் சிறு தீவு உள்ளது. 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 சிறுவரை அவர் அங்கு அழைத்துச் சென்று பாசறை அமைத்தார். அச்சிறுவருள் ஒரு பகுதியினர் செல்வக் குடியிற் பிறந்து, புகழ்பெற்ற பள்ளிகளிற் பயின்றவர்; மற்றையோர் பூல், போர்ன்மத் என்னும் ஊர்களைச் சேர்ந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள். அந்நாளைய இங்கிலாந்தில் இவ்விரு சாராரும் ஒன்றாக இருந்து உண்பதும் உறங்குவதும் அரிதினும் அரிது. அவரோ அவர்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லியூ என்னும் கரைப்பறவை ஆகிய பெயர்களையுடைய நான்கு அணிகளாகப் பகுத்தார். ஒவ்வோர் அணிக்கும் அவ்வணியைச் சேர்ந்த மூத்த சிறுவன் ஒருவன் தலைவன் ஆனான்.

ஒவ்வோர் இரவும் ஓர் அணி காவற்பணி ஏற்றது. அவ்வணியினர் மாவு, கிழங்கு, இறைச்சி, தேயிலை முதலியவற்றை அளந்து பெற்று, தம் கம்பளியையும் சமையற்கலத்தையும் சுமந்து, தீவின் ஒரு பக்கத்திற்குச் செல்லுவர். அங்கே தீ மூட்டுவதும், சமைப்பதும், முறைவைத்துக் காவல் புரிவதும் அவர்தம் பொறுப்பே. தீ மூளாவிடின் அனைவர்க்கும் உணவு இல்லை. காவலன் உறங்கிவிடின் அனைவர்க்கும் இழிவு. அவ்விடத்தே ஒருவன் தந்தையின் செல்வம் விறகை உலர்த்தாது. மற்றொருவன் தந்தையின் வறுமை நீரைக் கொதிக்க விடாது தடுக்காது. உழைப்பும் ஒற்றுமையுமே சோறாக்கின. ஒரு வார அளவில் நிகழ்ந்த அப்பாசறையிலிருந்தே ஓர் உலக இயக்கம் தோன்றியது. மறு ஆண்டில், அதாவது 1908-இல், பேடன் பவல் சிறுவர்க்கென எழுதிய சாரணர் நூல் வெளிவந்தது. அதனைப் படித்த சிறுவர் பலர், எவரும் அழைக்காமலே தாமே அணிகளை அமைத்துக்கொண்டனர். 1909-இல் இலண்டனில் நிகழ்ந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலரும் வந்து நின்று, தமக்கும் இடம் வேண்டினர். அதன் பயனாக 1910-இல் சாரணியர் இயக்கம் தோன்றியது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் என்பவர் அதனை வளர்த்தார்.

இந்தியாவில் 1909-ஆம் ஆண்டு பெங்களூரில் முதற் சாரணர் படை அமைந்தது. ஆனால், அதில் ஐரோப்பியச் சிறுவரும் ஆங்கிலோ இந்தியச் சிறுவருமே சேரலாம். இந்தியச் சிறுவர்க்கு இடம் இல்லை. செல்வரையும் எளியரையும் ஒரே தீயின் அருகில் அமர்த்திய இயக்கம், இந்நாட்டில் நிறம் நோக்கி வாயிலை அடைத்தது. கூடி வாழ்தலைக் கற்பிக்க எழுந்த அமைப்பும், தன் கொள்கையைத் தானே மறக்கக் கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும். இந்நிலையைக் கண்ட சான்றோர் வாளா இருந்தாரல்லர். அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேல் என்பவரின் துணையோடு சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனச் சாரணர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். வடநாட்டில் மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்சுரு, சிறீராம் பாச்பாய் ஆகியோர் அலகாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். பேடன் பவல் 1921-இல் இந்தியாவிற்கு வந்தார். நாடு விடுதலை பெற்றபின், பிரிந்து கிடந்த அமைப்புகள் 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் ஒன்றாகி, பாரத சாரணர் இயக்கமாக மலர்ந்தன. 1951 ஆகஸ்டு 15-ஆம் நாள் சாரணியரும் அதனுடன் இணைந்தனர்.

சாரணர் என்னும் சொல் தமிழுக்குப் புதியது அன்று. சிலப்பதிகாரத்தில், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மதுரை நோக்கிச் செல்லும் வழியில், சாரணர் அவர்களுக்கு அறம் உரைக்கின்றனர். அங்கு அச்சொல் ஊர் ஊராகச் சென்று நல்லுரை வழங்கிய சமண முனிவரைக் குறித்தது. இன்று அது சீருடையும் கழுத்துத்துணியும் அணிந்த மாணவரைக் குறிக்கின்றது. பொருள் வேறுபடினும், பிறர்க்கு நலம் புரிய நடப்பவர் என்னும் கருத்து இரண்டிற்கும் பொருந்துவதேயாம்.

சாரணர் பயிற்சியின் உயிர்நாடி அணிமுறையே. ஓர் அணியில் அறுவர் முதல் எண்மர் வரை இருப்பர். எண்ணிக்கை சிறிதாதலின் ஒருவனும் மறைந்து நிற்றல் இயலாது. ஒருவன் குரலும் கேட்கப்படாமற் போதல் கூடாது. நீர் கொணர்தல், சமைத்தல், கூடாரம் அடித்தல், முடிச்சு இடுதல், முதலுதவி செய்தல் என ஒவ்வொரு பணியும் மாறி மாறி ஒவ்வொருவனையும் சாரும். இம்முறையில் ஒருவன் முடிச்சு இடக் கற்பதைக் காட்டிலும், உடனிருப்பவனோடு இணங்கக் கற்பதே பெரும்பயன் ஆகும். அதனை விளக்க ஒரு நிகழ்ச்சியைக் கற்பித்துக் காணலாம்.

மலையடிவாரத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் சாரணர் படை, புரட்டாசி மாத விடுமுறையில் ஓர் ஓடையின் அருகே பாசறை அமைத்தது என்க. அப்படையில் மயில் அணி என்பது ஒன்று. அதில் எண்மர் இருந்தனர். இருவர் நீர் கொணர்ந்தனர். இருவர் சமையலுக்கு வேண்டுவன செய்தனர். இருவர் கூடாரம் அடித்தனர். அணித்தலைவன் எல்லாவற்றையும் மேற்பார்த்தான். அணியிற் புதிதாகச் சேர்ந்த இளையவன் ஒருவனுக்கு, விறகு சேர்த்து அதனை நனையாமற் காக்கும் பணி அளிக்கப்பட்டது.

மாலையில் எதிர்பாராது மழை கொட்டியது. விறகு முழுவதும் நனைந்துபோயிற்று. அடுப்பில் புகை எழுந்ததேயன்றித் தீ எழவில்லை. பசியோடு நின்ற அணித்தலைவன் சினம் மிகுந்து, “உன்னால் இன்று எட்டுப் பேரும் பட்டினி. உன்னை இவ்வணியிற் சேர்த்ததே பிழை” என்று கடிந்தான். இருவர் நகைத்தனர். இளையவன் ஒன்றும் கூறாமல் தலைகுனிந்தான். தலைவன் பக்கத்து அணியினரிடம் சென்று உலர்ந்த விறகு சிறிது வேண்டிப் பெற்று வந்தான். ஒருவாறு சோறு ஆயிற்று. தட்டுகளை எடுத்து வைத்தபோதுதான், உண்ண வந்தவர் எழுவரே என்பது தெரிந்தது. இளையவனைக் காணவில்லை.

இருள் சூழ்ந்துவிட்டது. மலைமேற் பெய்த மழையால் ஓடையின் இரைச்சல் நேரத்துக்கு நேரம் மிகுந்தது. தலைவன் நடுங்கினான். ஆயினும், தன் பிழை வெளிப்படுமே என்று மறைக்காமல், அப்பொழுதே ஓடிச் சென்று ஆசிரியரிடம், “ஐயா, நான் சுடுசொல் கூறினேன், தம்பி எங்கோ சென்றுவிட்டான்” என்று உரைத்தான். எல்லாரும் நாலாப்பக்கமும் ஓட முற்பட்டனர். ஆசிரியர் அவர்களைத் தடுத்து, “ஒருவனைத் தேடச் சென்று மற்றொருவனை இழத்தல் ஆகாது. இளையவர் இங்கேயே இருந்து தீயை வளர்க்கட்டும். அவ்வொளி வழி காட்டும். மூத்தவர் இருவர் என்னுடன் வாருங்கள். அவன் எங்குச் சென்றிருப்பான் என்பதை முதலில் எண்ணுங்கள்” என்றார்.

மேட்டுப்பாதையில் ஊர்நோக்கிச் சென்றிருப்பான் என்று சிலர் கூறினர். அப்பொழுது, எப்போதும் வாய் திறவாத ஒரு மாணவன் மெல்ல, “அண்ணா, நண்பகலில் அவன் ஓடைப் பாறையின் அடியில் உலர்ந்த சுள்ளிகள் கிடப்பதாக என்னிடம் கூறினான்” என்றான். வேறொரு நாளாயின் அவன் குரல் எவர் காதிலும் விழுந்திராது. அன்று தலைவன் அவன்பால் திரும்பி, “எந்தப் பாறை? எனக்குச் சொல்” என்று பொறுமையோடு கேட்டான். மூவரும் கைவிளக்கும் கயிறும் கொண்டு ஓடைக்கரை வழியே சென்று, இடையிடையே ஊதல் ஊதினர். நான்காம் முறை ஊதியபோது மெல்லிய குரல் ஒன்று மறுமொழி தந்தது. பாறையின்மேல் இளையவன் அமர்ந்திருந்தான். கால் சுளுக்கியிருந்தது, பாறையைச் சுற்றி நீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்நிலையிலும் சுள்ளிக்கட்டினைத் தன் சட்டைக்குள் நனையாமல் அணைத்து வைத்திருந்தான். ஆசிரியர் கயிற்றின் ஒரு முனையைக் கரைமரத்திற் கட்டி, மறுமுனையை இடுப்பிற் பிணைத்து, முழங்கால் அளவு நீரில் இறங்கி அவனைத் தூக்கி வந்தார். இரண்டு கோல்களைச் சட்டைகளின் கைகளில் நுழைத்து ஒரு தூக்குப் படுக்கை செய்து, மூவரும் அவனைப் பாசறைக்குச் சுமந்து வந்தனர்.

எல்லாரும் தீயைச் சுற்றி அமர்ந்தபின், தலைவன் எழுந்து நின்றான். “தம்பி, விறகு ஏன் நனைந்தது என்று நான் உன்னைக் கேட்கவில்லை. கேளாமலே பழித்தேன். அது என் பிழை. எல்லார் முன்னிலையிலும் பழித்தேன், ஆதலால், எல்லார் முன்னிலையிலும் பொறுத்தருள வேண்டுகின்றேன்” என்றான். இளையவன் கண்களில் நீர் ததும்பியது. “கூடாரத்தின் கயிறு அறுந்துபோயிற்று, அண்ணா. பிடிக்க ஆள் வேண்டும் என்று அழைத்தார்கள். அதனால் விறகை மூட மறந்துவிட்டேன். மறந்தது என் பிழைதான்” என்றான். கூடாரம் அடித்த இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கினர். பின்னர் அவருள் ஒருவன், “அழைத்தவர் நாங்களே. அண்ணா சினந்தபோது அதனைக் கூற அஞ்சினோம். சிரிக்கவும் செய்தோம்” என்று நாணத்துடன் ஒப்புக்கொண்டான். அன்றிரவு எட்டுத் தட்டுகளும் ஒன்றாக வைக்கப்பட்டன. சோறு ஆறியிருந்தது; ஆனால் அதனை ஒருவரும் குறைகூறவில்லை.

இந்நிகழ்ச்சியில் தீயவன் என்று சொல்லத்தக்கவன் எவனும் இல்லை. தலைவன் கடமை உணர்ந்தவன். இளையவன் உதவும் மனத்தினன். கூடாரம் அடித்தவர் சோம்பர் அல்லர். ஆயினும் ஓர் உயிர் இடருக்கு உள்ளாயிற்று. காரணம் யாது? கேட்க வேண்டிய வினாவைத் தலைவன் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய உண்மையை இருவர் சொல்லவில்லை. செல்லுமிடத்தை இளையவன் எவருக்கும் அறிவிக்கவில்லை. நல்லெண்ணம் இருந்தது, கூடிச் செயலாற்றும் பழக்கம் இல்லை. நல்லெண்ணம் வித்துப் போன்றது. பழக்கம் அவ்வித்து முளைத்தற்கு வேண்டிய நிலமும் நீரும் போன்றது.

ஆகவே, இளைஞர் நாள்தோறும் பழக வேண்டிய சில பண்புகள் உள்ளன. அவற்றுள் முதலாவது கேட்டல். பிறன் பேசும்போது தன் விடையை ஆயத்தம் செய்துகொண்டிருப்பவன் காது கொடுத்தவன் ஆகான். பேசுவோன் கூறியதைத் தன் சொற்களால் திருப்பிச் சொல்லிக் காட்டவல்லவனே உண்மையில் கேட்டவன் ஆவான். இரண்டாவது இன்சொல். திருவள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரமும் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். கேட்பதும் பேசுவதும் தாமாக வந்துவிடும் எளிய செயல்கள் அல்ல. பயின்று பெற வேண்டியவை என்பது இதனால் விளங்கும். ஒருவன் செய்த செயலைக் குறைகூறலாம். அவனையே குறைகூறுதல் கூடாது. “விறகு நனைந்துவிட்டது, என்ன நேர்ந்தது?” என்பதற்கும், “உன்னைச் சேர்த்ததே பிழை” என்பதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகும்.

மூன்றாவது மாறுபட்ட கருத்தைப் பணிவோடு உரைத்தல். ஒற்றுமை என்பது எல்லாரும் தலையசைப்பது அன்று. தவறு என்று தோன்றுவதை அஞ்சாமலும் அதே வேளையில் பிறர் மனம் நோகாமலும் எடுத்துரைத்தல் வேண்டும். பெரும்பாலோர் ஒரு முடிவு செய்தபின், அது தீமை பயவாதாயின், அதற்கு உடன்பட்டு உழைத்தலும் வேண்டும். நான்காவது முறையைப் போற்றுதல். உணவு வரிசையிலும், பேருந்தில் ஏறும் இடத்திலும், குடிநீர்க் குழாயடியிலும் தனக்கு முன் நிற்பவனின் உரிமையை மதிப்பவன், நாளை நாட்டின் சட்டத்தையும் மதிப்பான். ஐந்தாவது பிழையை ஒப்புக்கொள்ளுதல். பிழையை மறைப்பவன் அதனை இருமடங்கு ஆக்குகின்றான். ஒப்புக்கொள்பவன் அதனைப் பாதி திருத்தியவன் ஆகின்றான். அணித்தலைவன் தன் குற்றத்தை ஒரு நாழிகை மறைத்திருப்பின், ஓடை நீர் அந்நாழிகைக்குக் காத்திராது அன்றோ?

எல்லாப் பள்ளிகளிலும் சாரணர் படை இல்லாதிருக்கலாம். அதனால் இப்பயிற்சி இயலாது என்று எண்ணற்க. நால்வர் சேர்ந்து பள்ளித் தோட்டத்திற்கு நீர் ஊற்றும் முறையை வகுத்துக்கொள்வதும், விடுப்பில் இருந்த உடன்மாணவனுக்குப் பாடக்குறிப்பை எழுதித் தருவதும், சடுகுடு ஆட்டத்தில் தோற்றவனிடம் சென்று அவன் ஆட்டத்தைப் பாராட்டுவதும் இப்பயிற்சியே ஆகும். வகுப்பில் எவரோடும் சேராது ஒதுங்கியிருக்கும் மாணவனை ஆட்டத்திற்கு அழைப்பது, பெரிய பேச்சுகள் பலவற்றினும் சிறந்தது. வீட்டில் அன்னையார் அழைக்கும் முன்னரே குடத்தை எடுத்துச் செல்லுதலும், பாட்டனார் முன்பே கூறிய கதையை மீண்டும் கூறும்போது முகம் சுளியாது கேட்டலும் இப்பயிற்சியின் பாற்படுவனவே. சாரணர் நாள்தோறும் ஒரு நற்செயலேனும் புரிய வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் மரபு. அந்நற்செயலுக்குச் சீருடை வேண்டுவதில்லை. கூலியோ புகழோ எதிர்பாராத மனம் ஒன்றே வேண்டும்.

ஒரு விரலால் ஓர் ஊசியையும் எடுத்தல் அரிது. ஐந்து விரல்களும் சேர்ந்தால் ஏரையும் பிடிக்கலாம். விரல்கள் ஐந்தும் ஒரே நீளத்தன அல்ல. ஒரே வலிமையுடையனவும் அல்ல. எனினும், ஒன்றற்கொன்று இடங்கொடுத்து மடங்குவதாலேயே கை ஒரு பொருளைப் பற்றுகின்றது. மாணவரும் தம்முள் உள்ள வேறுபாடுகளை இகழாது, ஒருவர்க்கொருவர் இடங்கொடுத்துப் பழகுவாராயின், அவர் கையில் ஏற்கும் செயல் எதுவாயினும் நழுவாது. அப்பழக்கத்தைத் தொடங்குதற்கு நாளை என்று நாள் குறிக்க வேண்டுவதில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாணவனிடமிருந்தே இன்று தொடங்கலாம்.